ஒன்பது அச்சும் ஒரு நூலும்

நாலாம் நம்பர் அச்சு மறுபடியும் ஒரு விரல் விலகி நின்றது.

குலசிங்கத்தார் முழந்தாளில் நின்று, இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் நூலைப் பார்த்தார். பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தார். இரண்டு கண்ணும் ஒரே செய்தியைத்தான் சொல்லின. நேற்றுப் பின்னேரம் நூலுக்கு நேரே, மயிரிழை பிசகாமல் நிறுத்திவிட்டுப் போன அச்சு, விடிந்ததும் நூலுக்குத் தெற்கே நின்றது.

"இராசேஸ், இஞ்ச ஒருக்கா வந்து பாரும். நாலு விலகியிருக்கோ, இல்லையோ?"

அவர் மனைவி இராசேஸ்வரி முற்றம் கூட்டிய விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"விலகித்தான் கிடக்கு."

"அஞ்சு?"

"அதுவும்தான். ஒம்பதும் விலகித்தான் கிடக்கு. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ. பிறகு ஆறுதலா நேராக்கலாம். அவசரப்படாதேங்கோ."

சரவணை ஊரில் வேறு எந்தப் பெண்ணும் இப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். ஓய்வு பெற்ற புருஷன் வளவுக்குள் சாமானை இறைத்து வைத்துக்கொண்டு எஸ்கிமோக்காரரின் வள்ளம் கட்டுகிறான் என்றால், மூன்றாம் நாளே பலகை அடுப்புக்குள் போயிருக்கும். இராசேஸ்வரியின் பொறுமையைப் பற்றிக் கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

குலசிங்கத்தார் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் முப்பத்தொரு வருஷம் காணிப்படம் கீறியவர். மற்றவர்களுடைய எல்லைகளை மையாலும் அடிமட்டத்தாலும் கீறிக் கீறி, உலகத்தில் நேராக இருப்பது தானும் தன் அடிமட்டமும் மட்டும்தான் என்ற முடிவோடு ஓய்வு பெற்று, மனைவியின் சீதனக் காணியில் வந்து குடியேறினார். ஊர் அவரைச் சும்மா விடவில்லை. இணக்கசபைக்குத் தலைவராக்கிவிட்டது. அங்கே வரும் வழக்குகளில் பத்தில் ஒன்பது வேலி வழக்கு. இன்னார் வேலிக்கு நட்ட கதியால் தடியைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார், இன்னார் ஓலை அடைக்கிற சாட்டில் அரை அடி எடுத்துவிட்டார் என்று வருவார்கள். குலசிங்கத்தார் இரண்டு பகுதியையும் கேட்டுவிட்டு, வலது கையின் சுட்டுவிரலை உயர்த்துவார்.

"ஒரு விரல்! மற்றவன்ரை காணியில ஒரு விரல் எடுத்தாலும் அது களவு. நான் என்ரை சீவியத்தில ஒரு விரல் எடுத்தனானோ? ஆராவது சொல்லட்டும் பாப்பம்."

யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு விரல்தான் அவருடைய சொத்து. சீதனக் காணியோ மனைவியுடையது, பென்சனோ அரசாங்கத்துடையது.

இந்த வள்ள ஆசை ஒரு பழைய வெளிநாட்டுச் சஞ்சிகையால் வந்தது. அதில் கயாக் என்ற ஒற்றையாள் வள்ளத்துக்குப் படம் போட்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் படம் கீறிய மனிதனுக்கு, ஒரு படத்தையாவது கையால் தொட்டுப் பார்க்கிற பொருளாக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. செய்முறை வெகு சுலபம் என்று சஞ்சிகை சத்தியம் செய்தது. நீளமான ஒரு தாங்குமரத்தை மரக்குதிரைகளின் மேல் கிடத்த வேண்டும். வள்ளத்தின் வயிற்றை ஒன்பது இடத்தில் குறுக்கே அரிந்தால் என்ன வடிவம் வருமோ, அந்த வடிவத்தில் ஒன்பது பலகை வெட்டி, தாங்குமரத்தின் மேல் வரிசையாக நிறுத்த வேண்டும். இவைதான் அச்சு. அதன் மேல் மெல்லிய மரக் கீலங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வளைத்து ஒட்டி, காய்ந்ததும் அச்சுகளை உருவிவிட்டால் வள்ளம். ஒன்பது அச்சும் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வள்ளம் வாழைப்பழம்.

அதற்காகத்தான் நூல். வடக்கு வேலியோரம் நிழல் பார்த்து, கிழக்கே ஒரு கட்டையும் மேற்கே ஒரு கட்டையும் நிலத்தில் அடித்து, நடுவே நூலை இழுத்துக் கட்டினார். முதல் நாளே கொப்பியில் எழுதியும் வைத்தார்: 'வேலியிலிருந்து நூலுக்கு ஆறு அடி.' எழுதாத அளவு அளவல்ல என்பது கந்தோரில் படித்த பாடம்.

கீலங்களைக் கொண்டுவந்து இறக்கிய சூசைப்பிள்ளை ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டுகிறவர். அவர் ஒன்பது அச்சும் வரிசையாக நிற்கிற காட்சியைக் கண்டு தொப்பியைக் கழற்றினார்.

"என்ன ஐயா, எங்கட சேமக்காலை மாதிரிக் கிடக்கு. ஆர் ஆரைத் தாட்டிருக்கிறியள்?"

"உது அச்சு, சூசைப்பிள்ளை. நூலுக்கு நேரா நிக்க வேணும்."

சூசைப்பிள்ளை நூலையும் கட்டையையும் பார்த்தார்.

"நூலைத் தாங்குமரத்திலையே கட்டுங்கோவன். ஏன் நிலத்தில கட்டை?"

"மரம் வெயிலுக்கு முறுகும். மண் முறுகாது. மண் அசையாது."

"ஐயா, வள்ளம் தனக்குத் தான் நேரா இருந்தால் காணும். ஊருக்கு நேரா இருக்கத் தேவையில்லை."

இணக்கசபைத் தலைவருக்கு இது ஒழுக்கக் கேடான பேச்சாகப் பட்டது. சூசைப்பிள்ளையை மரியாதையாக வழியனுப்பிவைத்தார்.

அச்சுகள் விலகிக் கிடந்த அந்தக் காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நூலுக்குத் தக்கதாக ஒன்பது அச்சையும் மத்தியானத்துக்குள் ஒவ்வொரு விரல் வடக்கே நகர்த்தி இறுக்கினார். அடுத்த நாள் விடிந்து பார்த்தால், நூல் இன்னும் ஒரு விரல் வடக்கே நின்றது. அச்சுகள் மறுபடி தெற்கே நிற்கின்றன. மறுபடி ஒன்பது ஆணி, ஒன்பது தட்டு. அதற்கடுத்த நாளும் அப்படியே. நூலைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. நூல் பொய் சொல்லாது. பொய் சொல்கிறவை பலகைகள்தான்.

ஒரு கிழமை போனதும் காரணம் கண்டுபிடித்தார். வாடைக்காற்று. வடக்கேயிருந்து வீசிப் பலகைகளைத் தெற்கே தள்ளுகிறது. இரண்டு பக்கமும் ஓலைத்தட்டி கட்டி மறைத்தார்.

மறைப்புக் கட்டியதும் வடக்கு வேலிக்கு அப்பால் ஒரு தலை தெரிந்தது. வைத்திலிங்கத்தின் தலை. இரண்டு காணியும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. இராசேஸ்வரியின் தாய்க்கும், வைத்திலிங்கத்தின் மனைவி இலட்சுமிப்பிள்ளையின் தாய்க்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்தது. அந்த அக்காளும் தங்கையும் பிரிந்த இடத்தில்தான் வேலி. அதிலுள்ள சின்னத் திறப்பான பொட்டுக்குள்ளால் இராசேஸ்வரியும் இலட்சுமிப்பிள்ளையும் இன்றைக்கும் கறி மாற்றிக்கொள்வார்கள்.

"அண்ணை, என்ன மறைப்புக்குள்ள நடக்குது?"

"வள்ளம்."

"வள்ளத்துக்கு ஏன் மறைப்பு? வள்ளம் என்ன குமர்ப்பிள்ளையோ?"

"காத்துக்கு, தம்பி. காத்து என்ரை அச்சைத் தள்ளுது."

வைத்திலிங்கம் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்து வளர்ந்த மனிதர். காற்று பலகையைத் தள்ளும் என்பதை நம்பினார். ஆனால் ஒன்பது பலகையையும் ஒரே அளவாக, ஒரே பக்கமாக, ஒரு விரல் கணக்கில் தள்ளுகிற படித்த காற்றை அவர் கண்டதில்லை. அன்றிலிருந்து அவர் வேலியோரம் ஒரு கண் வைக்கத் தொடங்கினார்.

மறைப்பால் பயனில்லை. அடுத்த சந்தேகம் வைத்திலிங்கத்தின் ஆட்டின் மேல் விழுந்தது. பொட்டுக்குள்ளால் வந்து கட்டையில் முதுகு தேய்க்கிறது போலும் என்று நினைத்து, ஆட்டைக் கட்டிப்போடச் சொல்லி ஆள் அனுப்பினார். வைத்திலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ரை ஆடு சினையாக் கிடந்து பத்து நாளா எழும்பேல்லை. அதின்ரை தலையிலையும் பழி போடுறாரோ?"

அதற்கும் மேலே குலசிங்கத்தார் ஒரு காரியம் செய்தார். மரக்கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு முழ நீள இரும்புக் கம்பிகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கினார். சம்மட்டிச் சத்தம் கேட்டு வைத்திலிங்கம் ஓடிவந்தார். யாழ்ப்பாணத்தில் வேலியோரம் இரும்பு அடிக்கிற சத்தத்தைவிடத் துக்கமான சத்தம் வேறில்லை.

"உதென்ன, எல்லைக் கம்பியோ அடிக்கிறியள்?"

"வள்ளத்துக்கு!"

"மண்ணில அடிக்கிறியள், வள்ளத்துக்கெண்டு சொல்லுறியள். அண்ணை, நானும் கன நாளாப் பாக்கிறன். உங்கட வள்ளம் என்ரை வேலியைப் பாத்து நடந்து வருது."

"வள்ளம் நடக்கிறதோ? உமக்கென்ன விசரோ?"

"போன மாசத் துவக்கத்தில உதுக்குள்ளால ஒரு மாடு போகும். இப்ப கோழியும் பக்கவாட்டிலதான் போக வேணும்."

சொல்லிவிட்டு வைத்திலிங்கம் போய்விட்டார். ஆனால் அந்தக் கோழி குலசிங்கத்தாரின் மனதுக்குள் புகுந்துவிட்டது. உண்மைதான், வடக்குப் பக்கம் நின்று வேலை செய்ய இப்போது முழங்கை வேலியில் இடித்தது. தாங்குமரத்தில் அச்சுகளை வடக்கே நகர்த்த இனி இடமில்லை என்று ஆகி, மரக்குதிரைகளையே தூக்கி வைத்தும் இரண்டு கிழமை ஆகியிருந்தது. அளவுநாடாவை எடுத்தார். நூலிலிருந்து வேலிக்கு மூன்றரை அடி.

கொப்பியைப் பார்த்தார். ஆறு அடி. தன் கையெழுத்து, தன் மை, திகதியும் உண்டு.

நூல் அசையாது, இரும்பில் கட்டியிருக்கிறது. மண் அசையாது. அப்படியென்றால் அசைந்தது எது? குலசிங்கத்தார் கொப்பியை மூடினார். வேலி! வேலி இரண்டரை அடி உள்ளே வந்திருக்கிறது. போன வருஷம்தான் கதியால் புதிதாக நட்டது; இன்னும் வேர் பிடித்திராது, பிடுங்கி நட எவ்வளவு நேரம்? தன் கண்ணுக்கு முன்னாலேயே, இணக்கசபைத் தலைவனுடைய வளவிலேயே!

"இராசேஸ், உம்மட காணியை வைத்திலிங்கம் திண்டுகொண்டு வாறான்."

இராசேஸ்வரி அரிவாளையும் பூசணிக்காயையும் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பிடியோ? எவ்வளவு?"

"ரெண்டரை அடி."

"ரெண்டரை அடியோ!" அவள் ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல வேலியின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள். "நீங்கள்தான் கேக்க வேணும். உங்களுக்குத்தானே ஞாயம் தெரியும்."

குலசிங்கத்தார் சால்வையைப் போட்டுக்கொண்டு வைத்திலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். சண்டை பிடிக்கவல்ல. ஒரு பெரிய மனிதன் சின்ன மனிதனுக்குப் புத்தி சொல்லுகிற தோரணையில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, ஆசை ஆருக்கும் வரும். வெளியில தெரியாமல் கதியாலைத் திருப்பி நட்டுவிடும். நான் சபைக்குக் கொண்டுபோகமாட்டன்."

வைத்திலிங்கம் கதிரையை விட்டு எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"நானோ கள்ளன்? நீர்தான் ஐசே கள்ளன்! வள்ளத்தைக் காட்டிக் காணி பிடிக்கிற கள்ளன்! ஊருக்கு ஒரு விரல், உமக்கு ரெண்டரை அடியோ?"

முப்பது வருஷப் பழக்கத்தில் அண்ணை 'நீர்' ஆனது அன்றுதான்.

பின்னேரமே ஊர் அதிகாரியான விதானையார் வந்தார், அவருக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது. வைத்திலிங்கம் தன் பக்கத்தைச் சொன்னார்: வேலி நின்ற இடத்தில் நிற்கிறது, வள்ளம் வருகிறது. குலசிங்கத்தார் தன் பக்கத்தைச் சொன்னார்: வள்ளம் நூலுக்கு நேரே நிற்கிறது, வேலி வருகிறது. விதானையார் இரண்டு காணியின் உறுதிப் பத்திரங்களையும் கொண்டுவரச் சொன்னார். இராசேஸ்வரியின் உறுதியில் வடக்கு எல்லை 'வேலி' என்று எழுதியிருந்தது. இலட்சுமிப்பிள்ளையின் உறுதியில் தெற்கு எல்லை 'வேலி' என்று எழுதியிருந்தது. விதானையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீட்டுச் சுவரிலயிருந்து அளந்து பாத்தால் என்ன?" என்று வைத்திலிங்கம் கேட்டார்.

"இந்த வீடே கோணல்," என்றார் குலசிங்கத்தார். "என்ரை மாமனார் கட்டினது. சுவர் நேரில்லையெண்டு கலியாணம் முடிச்ச வருசமே படம் கீறிக் காட்டினனான். அதை வைச்சு அளக்க ஏலாது."

இதை ஊரே அறியும். மாமனார் அந்தப் படத்தைக் கண்ட பிறகு மூன்று வருஷம் மருமகனோடு பேசவில்லை.

வைத்திலிங்கம் கடைசியில் கையை நீட்டினார்.

"அப்ப ஒண்டு செய்யும். நாளைக்குப் பிள்ளையார் கோயிலில கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணும். அந்தக் கம்பியை நீர் நகர்த்தேல்லையெண்டு சொல்லும். சொன்னால் நீர் காட்டுற இடத்தில நானே என்ரை கையால கதியால் நடுறன். சொல்லாட்டில் இணக்கசபைக் கதிரையை விட்டு இறங்கும்."

கற்பூரச் சத்தியம் விளையாட்டல்ல. பொய்ச் சத்தியம் செய்து கண் போனவர்களுடைய கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று உண்டு.

"நாளைக்கேன்? இப்பவே வாரும்," என்றார் குலசிங்கத்தார்.

வாழ்க்கையில் ஒரு முறையாவது தன் நேர்மையைப் பத்துப் பேருக்கு முன்னால் பந்தயம் கட்டிக் காட்டச் சந்தர்ப்பம் கிடைக்காதா என்று உள்ளுக்குள் ஏங்கிய மனிதர் அவர். கோயில் கிணற்றில் தலைக்கு வார்த்து, ஈர வேட்டியோடு பிள்ளையாருக்கு முன்னால் நின்றார். இராசேஸ்வரி பக்கத்தில் நின்று கண்ணை இறுக மூடிக் கும்பிட்டாள். ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"நானோ, நான் ஏவி வேறை ஆருமோ, அந்தக் கம்பியை ஒரு விரல் தானும் நகர்த்தேல்லை. இது சத்தியம்."

குரல் மண்டபத்தில் மோதித் திரும்பியது. கற்பூரச் சுடரை உள்ளங்கையால் அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் கண்களில் தண்ணீர் நின்றது. அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் வைத்திலிங்கம் உடைந்துபோனார்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் அப்பிடி ஒரு சொல்லுச் சொல்லியிருக்கப்படாது. போன மாரிக்கு ஈரத்தில வேலி சாய்ஞ்சுதோ, கதியால் நட்ட கூலிக்காரர் பிழைவிட்டாங்களோ, ஆர் கண்டது? உங்கட நூலிலயிருந்து ஆறடி. நாளைக்கே நடுறன்."

சொன்னபடி செய்தார். நூலிலிருந்து ஆறு அடி அளந்து, பழைய கதியால்களைப் பிடுங்கி, இரண்டரை அடி வடக்கே, வளவின் நீளத்துக்கும் தன் கையாலேயே நட்டார். குலசிங்கத்தார் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து உதவி செய்தார். இடையில் வைத்திலிங்கத்தின் தோளில் கைவைத்து, "மண்ணாசை பொல்லாதது, தம்பி" என்று ஆறுதலும் சொன்னார். வைத்திலிங்கம் தலையைக் குனிந்து, "ஓம் அண்ணை" என்றார். இராசேஸ்வரி எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். புதிய வேலியில் மறக்காமல் ஒரு பொட்டும் விடச் சொன்னாள்.

அதன் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. நூல் அசையவில்லை. மாலையில் நேராக விட்ட அச்சு காலையிலும் நேராகவே நின்றது. ஒரு நாளல்ல, இருபது நாள். குலசிங்கத்தார் கீலங்களை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினார். காய்ந்ததும் ஒன்பது அச்சையும் உருவினார். துணி போர்த்து, நீலப் பூச்சுப் பூசினார். சூசைப்பிள்ளை வந்து, ஒரு நுனியில் குந்தியிருந்து ஒற்றைக் கண்ணால் மற்ற நுனியைப் பார்த்துவிட்டு, "நேர்தான் ஐயா" என்றார். ஊர்காவற்றுறைக்காரன் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வருவது சாதாரணமல்ல.

இணக்கசபையிலும் அவர் மதிப்பு ஏறியது. நாரந்தனையிலிருந்துகூட வேலி வழக்குகள் வந்தன. இப்போதெல்லாம் அவர் சுட்டுவிரலை முழுதாக உயர்த்துவதில்லை. கொஞ்சம் அசைத்தாலே இரண்டு பகுதியும் சமாதானமாகிவிடும்.

வள்ளத்தைக் கடலில் இறக்குவதற்கு முதல் நாள் பின்னேரம் அவரும் இராசேஸ்வரியும் வடக்கு வேலியோரம் நின்றார்கள். அவர் வள்ளத்தின் முதுகைத் தடவினார். நாளைக்குக் குறிகட்டுவான் துறையில் இறக்கி நயினாதீவு வரைக்கும் துடுப்பு வலித்துப்போய் அம்மாளைக் கும்பிட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. வைத்திலிங்கம் தன் வண்டிலில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். எல்லாம் தன் தன் இடத்தில், தன் தன் நேரில் இருந்தது. குலசிங்கத்தாருக்கு மனம் நிறைந்தது.

"பாத்தீரோ, இராசேஸ்? சத்தியம் பண்ணின நாளிலயிருந்து அந்த நூல் ஒரு மயிர் அசையேல்லை. எல்லாம் பிள்ளையாற்றை சக்தி."

இராசேஸ்வரி வேலியின் நீளத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு வளவின் மற்றப் பக்கத்தையும் பார்த்தாள். இடுப்பில் கையை ஊன்றி மெல்ல நிமிர்ந்துகொண்டு சொன்னாள்:

"அடுத்த வள்ளத்தைத் தெற்கு வேலியோரம் கட்டுங்கோ, அங்க மண் இளக்கம், இந்தக் கம்பி ரெண்டையும் விடியவிடியப் பிடுங்கி நட்டு எனக்கு நாரி விட்டுப்போச்சு."